மே மாதத்தில் இரண்டு பையன்கள்: ஒரு திருப்பூர் வீட்டின் சாப்பாட்டுக் கணக்கு

2025 மார்ச்சில் எங்கள் அக்கா வீட்டுச் சாப்பாட்டுச் செலவு, கேஸையும் சேர்த்து, 8,500 ரூபாய்க்குப் பக்கம். அதே வீடு, அதே நாலு பேர், மே மாதம் 14,100. விருந்தாளி யாரும் வரவில்லை, வீட்டில் விசேஷமும் இல்லை. பள்ளிக்கூடம் லீவு, அவ்வளவுதான். ஆடிட்டர் ஆபீஸில் ஊரார் கணக்கையெல்லாம் பார்க்கிறவள் நான். இந்த 5,600 ரூபாய் எங்கே போனது என்று உட்கார்ந்து பார்த்ததன் விவரம்தான் இது. அக்காவின் அனுமதியோடுதான் எழுதுகிறேன். "கணக்குப் பார்த்து மட்டும் என்ன கண்ணு ஆகப்போகுது" என்ற அவள் கருத்தையும் இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன்.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம். மாமா பனியன் கம்பெனியில் டெய்லர், அக்கா செக்கிங். இருவருக்கும் சனிக்கிழமை சம்பளம். ஓவர்டைம் இருந்தால் கொஞ்சம் கூடும், ஆர்டர் இல்லாவிட்டால் குறையும், சராசரியாக இருவருக்கும் சேர்த்து வாரம் ஏழாயிரத்தைச் சுற்றி வரும். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு எட்டரை. பெரியவனுக்கு மார்ச்சில் பதினாறு ஆனது, பத்தாம் வகுப்பு. சின்னவனுக்குப் பதின்மூன்று, எட்டாம் வகுப்பு. இருவரும் அரசுப் பள்ளி. அந்த வருடம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ஏப்ரல் 15-ல் முடிந்தது, அன்றைக்கே பெரியவன் வீட்டோடு வந்து சேர்ந்தான். சின்னவனுக்கு அந்த மாதக் கடைசியில் லீவு. பள்ளி திறந்தது ஜூன் 2. ஆக மே முழுக்க இரண்டு பேரும் வீட்டில், பெரியவர்கள் யாரும் இல்லாத வீட்டில்.

அக்காவிடம் ஒரு மளிகை நோட்டு உண்டு. கடைக்காரர் அதில் எழுதிக் கொடுப்பார், சனிக்கிழமை பைசல். காய்கறி, பால், கறி எல்லாவற்றையும் அதன் கடைசிப் பக்கங்களில் அக்காவே எழுதிவைப்பாள். நான் முதலில் பார்த்தது அதைத்தான். மார்ச்சில் ஒரு சிப்பம் அரிசி, 1,450 ரூபாய். மே மாதம் ஒன்றரை. (சிப்பம் இப்போதெல்லாம் 26 கிலோ. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததிலிருந்து, ஒரு கிலோவைக் கூட்டிப் போட்டு வரியைத் தாண்டிவிட்டார்கள். எங்கள் ஆபீஸில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் இல்லை.) ரேஷனில் இலவசமாக வரும் 20 கிலோ இட்லி மாவுக்குப் போய்விடுகிறது, அதுவும் மே மாதம் பற்றவில்லை. வாரத்துக்கு இரண்டு முறை ஆட்டிய மாவை மூன்று முறை ஆட்டியிருக்கிறாள். பெரியவன் தோசைக்கு உட்கார்ந்தால் மாவுச் சட்டியை வழித்தெடுக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்திருப்பான்.

பால் தினம் அரை லிட்டராக இருந்தது ஒரு லிட்டர் ஆனது. பச்சைப் பாக்கெட் ஒன்று 22 ரூபாய், ஆக மாதத்துக்கு 682 ரூபாய் கூடுதல். முட்டை ஒரு அட்டையிலிருந்து இரண்டு. பருப்பு, எண்ணெய், சேமியா, ரவை வகையில் 750 கூடியது. ரேஷன் துவரம்பருப்பு 30 ரூபாய்க்கு ஒரு கிலோதான், பாமாயில் 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர்தான். குடும்பம் அதற்குமேல் சாப்பிட்டால் கடை விலை. மாம்பழமும் தர்ப்பூசணியும் கொஞ்சம். சிலிண்டர் நாற்பது நாள் வந்தது முப்பது நாளில் தீர்ந்தது, அதைச் சாப்பாட்டுச் செலவாக யாரும் எண்ணுவதே இல்லை.

இதையெல்லாம் கூட்டினால் கூடுதல் 3,400 ரூபாய்தான் வருகிறது. ஆனால் சம்பளத்தில் காணாமல் போனது அதைவிட அதிகம் என்று அக்கா சாதித்தாள். அவள் சொன்னது சரி. மீதி 2,200 நோட்டில் இல்லை, மாமாவின் போனில் இருந்தது.

மாமா பழைய போனைப் பையன்களிடம் கொடுத்துவிட்டுப் போவார், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று. அதில் அவருடைய ஜிபே. அந்தப் பட்டியலைத் திறந்தால் 40, 40, 25, 80, 30, 160 என்று ஓடுகிறது. 40 என்பது தெருமுனைக் காளான். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: கோவை, திருப்பூர்ப் பக்கம் தள்ளுவண்டியில் விற்கும் காளானில் பெரும்பகுதி முட்டைக்கோஸும் மைதாவும்தான். அதைப் பொரித்து, உதிர்த்து, மசாலாக் குழம்பில் பிரட்டி, மேலே வெங்காயம் தூவித் தருவார்கள். ருசி அபாரம். பசி அடங்காது. 25 என்பது முட்டை பப்ஸ். 80 ஒரு முட்டை ரைஸ், 160 இரண்டு.

தொகையைவிட எனக்கு உறைத்தது நேரம்தான். ஏறக்குறைய எல்லாப் பணமும் மாலை ஐந்திலிருந்து ஏழு மணிக்குள் போயிருந்தது. காலையில் ஒன்றும் இல்லை, மதியம் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, அதாவது அக்கா வீட்டில் இருக்கும் நாளில், அந்த நேரத்தில் ஒரு ரூபாய்கூட இல்லை.

ஏன் என்று சின்னவனைக் கேட்டேன். "அந்நேரத்துக்குப் பசிக்குதுங் சித்தி, சட்டியில ஒண்ணும் இருக்காது" என்றான். மார்ச்சிலும் அவர்கள் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தவர்கள்தானே, அப்போது என்ன சாப்பிட்டார்கள்? அப்போது காலையில் அக்கா வடித்துவைத்த சோற்றில் அவளும் மாமாவும் டப்பாவில் கொண்டுபோனது போக மிச்சம் இருக்கும். குழம்பும் இருக்கும். பள்ளிவிட்டு வந்ததும் பையன்கள் அதைப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு விளையாடப் போவார்கள். மே மாதம் அதே அளவு சோறு பதினொன்றரை மணிக்கே காலி. அக்கா அரைப்படி கூட்டிப் போட்டாள், அது ஒரு மணிக்குக் காலி. அதற்குப் பிறகு இரவு எட்டரை வரைக்கும் அடுப்பில் ஒன்றுமில்லை. வெயிலில் கிரிக்கெட் ஆடிவிட்டு வரும் பையனுக்கு ஏழரை மணி நேர இடைவெளி.

பள்ளி நாளில் இந்த ஓட்டை தெரியாமல் போனதற்குக் காரணம் சத்துணவு. எட்டாம் வகுப்புப் பையனுக்கு 150 கிராம் அரிசி, பருப்பு, காய், கூடவே முட்டை. ஒருநாள் கொண்டைக்கடலைப் புலாவ், ஒருநாள் தக்காளி சாதம், ஒருநாள் சாம்பார் சாதம் என்று மாறும். உயர் தொடக்க வகுப்புகளுக்கு வகுத்திருக்கும் அளவு 700 கலோரி, 20 கிராம் புரதம். ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020 பரிந்துரைப்படி 13 முதல் 15 வயதுப் பையனுக்கு ஒரு நாளைக்கு 2,860 கலோரி, 45 கிராம் புரதம் வேண்டும். அப்படியானால் கலோரியில் கால்வாசியும் புரதத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவும் அந்த ஒரு வேளைத் தட்டிலேயே வந்துகொண்டிருந்தது. ஏப்ரல் கடைசியில் அந்தத் தட்டு நின்றது. பெரியவன் பத்தாம் வகுப்புக்கு வந்தபிறகு கூச்சப்பட்டு வீட்டிலிருந்து டப்பா கொண்டுபோவான், ஆனால் முட்டைக்கு மட்டும் வரிசையில் நிற்பான். அந்த வயதில் எல்லாப் பையன்களும் செய்கிற காரியம்தான். இருவருக்குமாக வாரம் பத்து முட்டை. மே மாதம் கூடிய ஒரு அட்டை எதற்கென்று இதில் விளங்கிவிடும்.

அதே ஐசிஎம்ஆர் அட்டவணையில் இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்த்தேன். 16 முதல் 18 வயதுப் பையனுக்கு 3,320 கலோரி. உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆணுக்கு 2,110, பெண்ணுக்கு 1,660. சத்துணவியல் பாடப்புத்தகங்கள் டெய்லரை இந்த உட்கார்ந்த வேலை வரிசையில்தான் வைக்கின்றன. ஓவர்லாக் மெஷினில் பன்னிரண்டு மணி நேரம் குனிந்திருக்கும் மாமாவிடம் போய் இதைச் சொல்லிவிட்டு வர எனக்குத் தைரியம் இல்லை. இருந்தாலும் புத்தகப்படியே வைத்துக்கொள்வோம். பெரியவர்கள் இருவருக்கும் சேர்த்து 3,770. பையன்கள் இருவருக்கும் 6,180. நாலு பேர் வீடு என்று சொல்கிறோமே, பெரியவர்களின் சராசரியை வைத்துப் பார்த்தால் சோற்றுப் பானைக்கு அது ஐந்தேகால் பேர் வீடு. அக்கா இன்னும் நாலு பேருக்கென்றுதான் உலை வைத்துக்கொண்டிருந்தாள். பையன்கள் பத்து வயதாக இருந்தபோது பழகிய அளவு அது.

சரி, என்ன செய்தார்கள்?

முதலில் மாமா சத்தம் போட்டார். போனை வாங்கிக்கொண்டு, ஆளுக்கு இருபது ரூபாய் கையில் கொடுத்தார். இருபது ரூபாய்க்குப் பிஸ்கட்டும் சிப்ஸும் வந்தன. இரவு எட்டரைக்குச் சோறு வைத்தால் இருவரும் தட்டின்மேல் விழுந்தார்கள், கடைசியில் அக்காவுக்கு ரசம் சாதம்தான் மிஞ்சியது. நாலாவது நாளே போன் திரும்பிப் போனது. அடுத்து அக்கா காலையில் கம்மங்கூழ் கரைத்து, மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் வெட்டிப்போட்டு ஒரு குண்டா நிறைய வைத்துவிட்டுப் போனாள். ஐடியா நல்லதுதான், செலவும் குறைவு. இரண்டு நாள் குடித்தார்கள். மூன்றாம் நாள் குண்டா அப்படியே இருந்தது, மே மாத வெயிலில் சாயங்காலத்துக்குள் புளித்து நுரைத்துவிட்டது. மாட்டுக்குத்தான் ஊற்றினார்கள், அதுவும் பக்கத்து வீட்டு மாடு.

பெரியவன் தன் பங்குக்கு ஒரு வழி சொன்னான்: கம்பெனிக்குக் கைமடிக்க (டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் எடுபிடி வேலைக்கு) போகிறேன், என் சாப்பாட்டுச் செலவை நானே பார்த்துக்கொள்கிறேன். திருப்பூரில் லீவு விட்டால் நிறையப் பையன்கள் கேட்பது இதுதான். எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் ஆடிட் பயத்தில் பதினெட்டு நிறையாதவர்களைச் சேர்ப்பதில்லை, சின்னச் சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டுகளில் அவ்வளவு கேட்பதில்லை. மாமா ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றார். வாரச் சம்பளம் கையில் பார்த்த பையன் பதினொன்றாம் வகுப்புக்குத் திரும்பிப் போகமாட்டான் என்பது அவர் கண்ணால் கண்ட அனுபவம். அவரே அப்படி நின்றவர்தான்.

கடைசியில் பலித்தது ஒரு குக்கர். மே மூன்றாவது வாரத்தில், பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா பெரியவனைப் பக்கத்தில் நிறுத்திவைத்து அரிசிம்பருப்புச் சாதம் சொல்லிக்கொடுத்தாள். கொங்கு வீடுகளில் அவசரத்துக்கு ஆக்குவது இதுதான். இரண்டு டம்ளர் அரிசி, ஒரு கைப்பிடி துவரம்பருப்பு. எண்ணெயில் கடுகு, சீரகம், வரமிளகாய், பூண்டு, சின்ன வெங்காயம், தக்காளி, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். வதக்கி, தண்ணீர் ஊற்றி, அரிசியையும் பருப்பையும் கொட்டி மூடினால் மூன்று விசில். அடுத்த நாள் நாலரை மணிக்கு அவனே வைத்தான். தண்ணீர் கூடிக் குழைந்துபோயிருந்தது, இருவரும் தயிரைப் போட்டு வழித்துவிட்டார்கள். அதற்கடுத்த நாள் பதமாக வந்தது. வாரக் கடைசியில் முட்டையை உடைத்து ஊற்றி முட்டைச் சாதம் வரைக்கும் போய்விட்டான். தள்ளுவண்டிக்காரர் எப்படிக் கிளறுகிறார் என்று நின்று பார்த்த அனுபவம் இருக்கிறதே.

அந்த ஒரு குக்கரின் விலையை எழுதிப் பார்த்தோம். 300 கிராம் அரிசி 17 ரூபாய், பருப்பு 9, எண்ணெயும் வெங்காயமும் தக்காளியும் சேர்த்துப் பதினான்கு பதினைந்து. மொத்தம் 40 ரூபாய்க்குச் சற்று மேலே. ஆளுக்கு 700 கலோரிக்குக் குறையாது, ஏறக்குறைய பள்ளியில் கிடைத்த அந்த ஒரு தட்டு. அதே 40 ரூபாய்க்கு வெளியில் ஒரே ஒருவருக்கு முட்டைக்கோஸ் காளான்.

மே முதல் மூன்று வாரமும் சாயங்காலச் செலவு வாரம் 650 ரூபாய். குக்கர் வந்த கடைசிப் பத்து நாளில் மொத்தமே 250. ஆனால் குக்கருக்கும் செலவு உண்டே. கூட்டிக் கழித்தால் ஒரு நாளைக்கு மிச்சம் 28 ரூபாய், மாதத்துக்கு 850. இதைப் பெரிய சாதனை என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். 5,600-ல் 850 தான் தவிர்க்க முடிந்த செலவு. ஆனால் ராத்திரிச் சாப்பாடு திரும்ப நாலு பேருக்கு எட்டியது, அக்காவின் தட்டையும் சேர்த்து.

நோட்டில் ஏறிய அந்த 3,400, அதில் கை வைக்க இடமே இல்லை. ஒரு பையனுக்கு ஒரு நாளைக்கு 55 ரூபாய் வருகிறது. வளர்கிற எலும்புக்கும் சதைக்குமான விலை அது. லீவில் பிள்ளைகள் நொறுக்குத் தீனியாகத் தின்று தீர்க்கிறார்கள் என்று பொதுவாகச் சொல்லும் புகாருக்கு இந்த வீட்டுக் கணக்கில் ஆதாரம் குறைவு. தின்றது பெரும்பாலும் சோறு, பருப்பு, பால், முட்டை. நொறுக்குத் தீனிக்குப் போனதும் சோறு இல்லாத நேரத்தில்தான் போனது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அக்காவுக்குப் பிடிக்காது. இந்த வீட்டில் ஒரு பெண் பிள்ளை இருந்திருந்தால் ஏப்ரல் 16-ம் தேதியே அவள் கையில் கரண்டி வந்திருக்கும். சாயங்கால அடுப்பு எரிந்திருக்கும், ஜிபே பட்டியலும் இருந்திருக்காது, நானும் கணக்குப் பார்த்திருக்கமாட்டேன். பதினாறு வயதுப் பையனுக்கு ஒரு குக்கர் வைக்கத் தெரியாது என்பதை வீட்டில் யாருமே ஒரு குறையாக நினைக்கவில்லை. அதற்குக் கொடுத்த விலையும் அந்த 2,200-க்குள் இருக்கிறது.

பணம் எங்கிருந்து வந்தது? மூன்றாயிரம் அக்கா கம்பெனியில் அட்வான்ஸ் வாங்கியது. ஏலச்சீட்டுத் தவணை ஒன்று தள்ளிப்போனது. மளிகைக் கடையில் ஒரு வாரப் பாக்கி நின்றது. ஜூனில் சீருடை, நோட்டு என்று வரிசை கட்டும்போதுதான் மே மாதச் சோற்றின் கடன் வந்து நிற்கும். எட்டாம் வகுப்பு வரைதான் சீருடை இலவசம், ஒன்பதுக்குப் போகும் சின்னவனுக்கும் சேர்த்து இருவருக்குமே துணி எடுத்துத் தைக்க வேண்டும். டெய்லர் வீட்டிலேயே இருப்பதால் தையல்கூலி மட்டும் மிச்சம்.

லீவு நாளில் பிள்ளைகளுக்குச் சோறு போடுவது அரசின் கவலையா, வீட்டின் கவலையா என்ற கேள்விக்கு இந்தியாவில் ஒரு பழைய பதில் இருக்கிறது. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலில் போட்ட உத்தரவில், வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் பள்ளி மதிய உணவு தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. கொரோனாவில் பள்ளிகள் மூடியபோது தமிழ்நாட்டில் சத்துணவுப் பிள்ளைகளுக்கு அரிசி, பருப்பு, முட்டை என்று உலர் பொருளாகக் கையில் கொடுத்தார்கள். அதே 2020-ல் இங்கிலாந்தில் கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்போர்ட் எம்.பி.க்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். மறுநாளே அரசு இறங்கிவந்து, பள்ளியில் இலவச உணவு பெறும் பிள்ளைகளுக்கு ஆறு வார லீவுக்கும் வாரம் 15 பவுண்டு வவுச்சர் கொடுத்தது. வறட்சி, கொள்ளைநோய் என்று பேர் வைத்தால் லீவிலும் சோறு போட முடிகிறது. சாதாரண மே மாதத்துக்கு மட்டும் பேர் கிடைக்கவில்லை. சமைத்துப் போட வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை, சத்துணவு ஊழியர்களுக்கும் லீவு வேண்டும்தானே. ஏப்ரல் கடைசி நாளில் ஒரு பையில் நாலு கிலோ அரிசியும் ஒரு கிலோ பருப்பும் ஒரு அட்டை முட்டையும் கொடுத்து அனுப்பினால் போதும். கொரோனாவில் செய்து பழகிய காரியம்தான்.

ஜூன் 2-ம் தேதி பள்ளி திறந்தது. சின்னவன் ஒன்பதாம் வகுப்பு, அவனுக்குச் சத்துணவு தொடர்கிறது. பெரியவன் பதினொன்றாம் வகுப்பு, அவனுக்குக் கிடையாது. 1982-ல் எம்.ஜி.ஆர். சின்னக் குழந்தைகளுக்காகத் தொடங்கி, 1984-ல் பதினைந்து வயது வரை நீட்டிய திட்டம், இன்றும் பத்தாம் வகுப்போடு நிற்கிறது. ஐசிஎம்ஆர் அட்டவணையில் பையன்களின் பசி உச்சத்துக்குப் போவதோ 16 வயதில். ஆகவே அவன் பங்குச் செலவை லீவுச் செலவு என்ற தலைப்பிலிருந்து எடுத்து மாதாந்திரத்தில் ஏற்றிவிட்டோம்: மாதம் 1,700. அரிசி இனி ஒன்றேகால் சிப்பம், முட்டை இரண்டு அட்டை. சாயங்காலக் குக்கர் பெரியவன் பொறுப்பு. ஸ்பெஷல் கிளாஸ் உள்ள நாளில் சின்னவன் வைக்க வேண்டும், அவனுக்கு இப்போதைக்கு ரவை உப்புமா மட்டும் தெரியும். போன் மாமாவிடமே இருக்கிறது.